‘சுப்பர் மச்சான்’ என்று சொன்ன பிறகு

இன்றைக்கு மலையகத்தில் படம் எடுக்காத இளைஞனையோ பெண்பிள்ளையையோ தேடித்தான் பிடிக்க வேண்டும். கையில் ஃபோன் இருக்கிறது, கதவைத் திறந்தால் மலை இருக்கிறது, மலைக்கு மேல் பனி இருக்கிறது. கொழும்பில் கடை வேலை செய்து நாலு காசு சேர்த்தவர்கள் பாவித்த கெனன் ஒன்றையாவது வாங்கியிருப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகும் அண்ணன்மார் கணக்கு வேறு. ஆக, படத்துக்குப் பஞ்சமில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஒழுங்காக நாலு வார்த்தை சொல்லத்தான் பஞ்சம்.

கூட்டாளிகளிடம் ஒரு படத்தைக் காட்டினால் வருகிற பதில் ரெண்டே வகை. முதல் வகை ‘சுப்பர் மச்சான்’, ‘வேற லெவல்’, ரெண்டு நெருப்பு, மூன்று கைதட்டல். இதைப் பாராட்டு என்றே சொல்ல முடியாது. கல்யாண வீட்டு மொய் மாதிரி. நான் உன் படத்துக்குத் தட்டினேன், நாளைக்கு நீ என் படத்துக்குத் தட்டு. நோட்டில் எழுதி வைக்காத குறைதான். ரெண்டாவது வகை, யூடியூப்பில் பாடம் பார்த்தவர்கள் சொல்வது. அடிவானம் சரிஞ்சிருக்கு. ஆளை நடுவுல வைக்காத, மூணுல ஒரு பங்குல வை. பின்னணி இன்னும் மங்கணும். நொய்ஸ் கூடிப்போச்சு.

இந்த ரெண்டாவது வகையை நான் கேலி செய்ய வரவில்லை. அது வேண்டும். பனியை எடுத்தால் படம் முழுக்க சாம்பலாகக் கறுத்துப் போகுதே என்று ஒரு தம்பி கேட்கிறான். கெமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுத்துக்கொண்டு வரத்தான் பார்க்கும், அதனால் வெள்ளைப் பனியை எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் கூட்டி வை என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் அது உண்மையான உதவி. அடுத்த நாளே தம்பி நல்ல படத்தோடு வருவான். நானும் இப்படித்தான் படித்தேன்.

ஆனால் நம் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. கொழுந்து எடுக்கும் பெண் ஒருவரின் படம் வந்தால், இலையில் விழுந்த வெளிச்சத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறோம். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர் யார்? இந்த நேரத்தில் இங்கே என்ன செய்கிறார்? இப்படி நிற்கச் சொன்னது யார்? சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது என்ன? இதைக் கேட்டால், “படத்தப் பத்திப் பேசுடா, அரசியல் பேசாத” என்பார்கள். படத்தைப் பற்றித்தானே பேசுகிறேன்? படத்தில் இருப்பதே அவர்தானே!

மங்கல், கூர்மை இல்லை என்று குறை சொல்வது நாம் கண்டுபிடித்ததும் இல்லை. அந்தக் குறையை நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவர் நம் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அட்டனில் பஸ் ஏறி டிக்கோயா, நோர்வுட் தாண்டிப் போனால் பொகவந்தலாவை. அங்கே சென். மேரிஸ் என்று ஒரு சின்ன தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன். உலகப் புகைப்பட வரலாறு என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்தப் பெயர் தட்டுப்படும். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவில் தொடங்கியவர். எந்த ஸ்டூடியோவிலும் தொழில் பழகியவர் இல்லை. நம்மைப் போல அமெச்சூர்.

அவருடைய கணவரை நமக்கு ஏற்கெனவே தெரியும். சரித்திரப் பாடத்தில் கோல்புறூக் - கேமரன் ஆணைக்குழு என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கேமரன்தான். சார்ள்ஸ் ஹே கேமரன். இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். இங்கிலாந்தில் அவர்கள் இருந்த வீட்டுக்கே ‘டிம்போலா’ என்று பெயர், நம் திம்புளை ஞாபகமாக.

அம்மையார் 1864இல் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினரானார். சொசைட்டிக்காரர்கள் அவர் படங்களை விடவில்லை. கூர்மை இல்லை, கண்ணாடித் தகட்டில் கீறல், விரல் தடம், மருந்து வழிந்த கோடு என்று பிழை பிழையாக எண்ணினார்கள். அவர் மசியவில்லை. படம் என் கண்ணுக்கு எந்த இடத்தில் அழகாகத் தெரிகிறதோ அந்த இடத்தில் லென்ஸைத் திருப்புவதை நிறுத்துவேன், மற்றவர்கள் கேட்கும் கூர்மைக்காக மேலும் திருப்ப மாட்டேன் என்பது அவர் கட்சி. இன்றைக்கு அந்த மங்கலைத்தான் உலகம் கொண்டாடுகிறது. கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின், வானியலாளர் ஹெர்ஷல் என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகளின் முகங்களை நாம் பார்ப்பது அவருடைய கண்ணாலும்தான்.

1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். கொஞ்ச காலம் களுத்துறையில் இருந்தார்கள். அங்கே அவர் எடுத்த படங்களில் 30க்கும் குறைவானவைதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. கூலி வேலை செய்தவர்கள், ஊர்ச் சனங்கள். அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். மண்டை ஓட்டை அளக்க வந்தவன் போல ஆளை நேராக நிறுத்தி எடுத்த காலனித்துவப் படங்களைப் பார்த்துவிட்டு இவற்றைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முகத்தை முகமாகப் பார்த்திருக்கிறார். ஒரு படத்தில் ஒரு சிறுமியும் கிழவரும் இருக்கிறார்கள். கீழே குறிப்பு: பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்கிறார். வயது இருக்கிறது, உறவு இருக்கிறது, ஊர் இருக்கிறது. பேர் இல்லை.

டென்னிசனுக்குப் பேர் உண்டு. டார்வினுக்குப் பேர் உண்டு. களுத்துறையில் அவரைப் போய்ப் பார்த்த ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பேர் உண்டு. அந்த நோர்த் அம்மையார் தன் நினைவுக் குறிப்பில் ஒரு கதை சொல்கிறார். வேலையாள் ஒருவரின் முதுகு கேமரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம். அந்த முதுகுக்காகவே அவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம், வீட்டில் தோட்டமே இல்லாதபோது. படிக்கச் சிரிப்பாக இருக்கும். யாருடைய முதுகு என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

1879 ஜனவரி 26ஆம் திகதி கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் இறந்தார். அவரை விமர்சித்தவர்கள் தகட்டில் இருந்த விரல் தடத்தை எண்ணினார்கள். இந்த ஆளின் பேர் என்ன அம்மா என்று அவர்களில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் காலம் அப்படி, சரி. நாம் ஏன் இன்றைக்கும் விரல் தடத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்?

பேர் விஷயம் நமக்குச் சின்ன விஷயமும் இல்லை. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் என்ன என்று வெளியாருக்கு விளக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலை ஒரு பேர். தோட்டம் கேட்ட கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். “இந்த மாசம் எத்தன பேரு விழுந்துச்சு?” என்றால் எத்தனை ஆட்கள் என்று அர்த்தமில்லை, எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். நம் அம்மாமார் நாள் முழுக்க மழையில் நிற்பதே ஒரு பேருக்காகத்தான். செக்ரோலில் கூட விழுகிற பேர், படத்தில் மட்டும் விழுவதில்லை.

கேமரனோடு இது நிற்கவில்லை. கோப்பி நோயில் விழுந்து தேயிலை எழுந்தபோது படமும் வியாபாரமாகியது. பிளேட் கம்பனி கொழும்பில் 1890இல் தொடங்கியது. லிப்டன் இங்கே வந்து தோட்டம் வாங்கியதும் அதே 1890தான். தபால் அட்டை, தேயிலைப் பெட்டி, விளம்பரம் எல்லாவற்றிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண் ஏறினாள். கீழே ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்’ என்ற மாதிரி ஒரு வரி. 1934இல் வந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தை இன்றைக்கும் சினிமாப் பாடத்தில் காட்டுகிறார்கள். நல்ல படம்தான். அதற்குக் காசு போட்டது தேயிலைப் பிரசாரச் சபை. இப்படி நூறு வருடத்துக்கு மேல் ஒரே அச்சு. பச்சை மலை, வண்ணச் சேலை, கூடை, சிரிப்பு. அந்த அச்சு தேயிலை விற்பதற்காகச் செய்யப்பட்டது. பிழை என்னவென்றால் அது இப்போது நம் கண்ணுக்குள் இருக்கிறது. நம் தங்கச்சி நம் அம்மாவை எடுக்கும்போதும் அதே அச்சில்தான் வார்க்கிறாள்.

இதை வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். படத்தை வைத்தே சொல்லலாம். பொன் வெளிச்சத்தில் கொழுந்து எடுக்கும் பெண், சூரியன் மலைக்கு ஒரு முழம் மேலே. இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அந்த வெளிச்சம் காலை ஆறரைக்கு வரும், இல்லாவிட்டால் பின்னேரம் ஆறு மணி வாக்கில் வரும். காலை ஆறரைக்கு அம்மா எங்கே இருப்பார்? அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டு இருப்பார். அதற்குப் பிறகு பெரட்டு, அதற்குப் பிறகுதான் மலை. பின்னேரம் ஆறு மணிக்குக் கொழுந்து நிறுத்து முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவார். ஆக அந்தப் படத்தில் இருப்பவர் பெரும்பாலும் படத்துக்காக நிறுத்தப்பட்டவர். கூடையைப் பாருங்கள், வெறுங்கூடை. இடுப்பில் படங்கு இல்லை. செடி மேல் மட்டக்கம்பு இல்லை. இப்போது நிறையத் தோட்டங்களில் பிரம்புக் கூடையே கிடையாது, பிளாஸ்டிக் கூடை, இல்லாவிட்டால் தலையில் மாட்டிய சாக்கு. சாக்கு மாட்டிய ஒருத்தரை நம்மில் எத்தனை பேர் ‘அழகாயில்ல’ என்று ஒதுக்கியிருக்கிறோம்?

நுவரெலியா ரோட்டோரம் சுற்றுலாப் பயணிகளிடம் காசு வாங்கிக்கொண்டு நிற்கும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் உழைப்பு, மலையில் இருப்பதை விடக் கால் வலி குறைவு. அவர்களை எடுங்கள். ஆனால் காசு கொடுத்து நிற்க வைத்து எடுத்தேன் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பெண், எதிரே ஃபோனை நீட்டும் நாலு வெள்ளைக்காரர், பக்கத்தில் வேன் டிரைவர் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தால் அது எப்பேர்ப்பட்ட படம்! நாம் பெண்ணை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மற்றதை வெளியே தள்ளுகிறோம்.

இதற்கு நேரெதிர் அச்சு ஒன்றும் இருக்கிறது, அது நம்மைப் போன்ற கொஞ்சம் ‘விஷயம் தெரிந்த’ கூட்டத்தின் அச்சு. கலரை எடு, கறுப்பு வெள்ளையாக்கு, கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டு. சுருங்கிய கை, வெடித்த பாதம், ஒழுகும் லயத்துக் கூரை, மூக்கு ஒழுகும் பிள்ளை. தலைப்பு ‘வலி’. முதல் அச்சு தேயிலை விற்றது, ரெண்டாவது எதை விற்கிறது என்று யோசிக்க வேண்டும். படம் எடுத்தவரின் நல்ல மனசை விற்கிறது என்று நான் சொன்னால் கோபம் வரும். வரட்டும். லயத்தில் ஒழுகுகிறது என்பது உண்மை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் அழுதுகொண்டே இருப்பதில்லை. திருவிழாவுக்குக் கடன் வாங்கிச் சேலை எடுக்கிறார்கள், காமன்கூத்து ஆடுகிறார்கள், கரம்போர்டில் சண்டை பிடிக்கிறார்கள்.

செபஸ்தியாவோ சல்காடோ என்ற பிரேசில்காரரை நம்மில் பலருக்குத் தெரியும். 2025இல் இறந்தார் என்று ஞாபகப்படுத்திக்கொள்ளும் அளவுக்குக் கும்பிடுபவர்களும் உண்டு. சர்வதேச கோப்பி அமைப்பில் பொருளாதார வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுக் கெமராவைத் தூக்கினார். 1993இல் வந்த ‘தொழிலாளர்கள்’ தொகுப்பில் ருவாண்டாத் தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. பார்த்தால் நம் மலை மாதிரியே இருக்கும். அவரையும் விமர்சித்தார்கள். துன்பத்தை இவ்வளவு அழகாக எடுக்கலாமா என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியை விட சூசன் சொன்டாக் 2003இல் எழுதியது முக்கியம். அகதிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் எடுத்த அவருடைய படங்களில், அதிகாரமில்லாத மனுசருக்குத் தலைப்பில் பேர் இல்லை என்பதைக் காட்டினார். ஆளுக்குப் பேர் போடாவிட்டால் அவர் ஒரு ஆள் இல்லை, ஒரு வகைக்கு மாதிரி என்று ஆகிவிடுகிறார், பிரபலமானவருக்கு மட்டும்தான் பேர் என்ற வழக்கத்துக்குப் படம் எடுத்தவரும் துணை போகிறார் என்பது அவர் வாதம். கவனியுங்கள், எவ்வளவு பெரிய கலைஞனின் படத்தைப் பற்றிய விமர்சனம்! வெளிச்சத்தைப் பற்றி இல்லை, கூர்மையைப் பற்றி இல்லை. படத்துக்குக் கீழே எழுதிய ஒரு வரியைப் பற்றி.

முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாட்டில் எம். பழனி குமார் படங்களைப் பாருங்கள். மீன் விற்ற தன் அம்மாவை எடுத்தவர். துப்புரவுத் தொழிலாளரைப் பேரோடு எடுத்தவர். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி தளத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன. யாருடைய கை, எந்த ஊர், என்ன வேலை என்று கீழே படிக்கலாம். படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால் அது வேறு படமாகத் தெரியும்.

ஃபோன் செய்கிற வேலை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் அம்மாமாரின் முகத்தை எடுத்தால் ஃபோன் கேட்காமலே வெளுத்துவிடுகிறது. சுருக்கத்தை அழிக்கிறது. ‘பியூட்டி’ என்று அதற்குப் பேர் வேறு. இது புதுசில்லை. பிலிம் காலத்தில் கொடக் கம்பனி கலர் சரியா என்று பார்க்க லெப்புகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம் தோல் எப்படி வந்தது என்பது கணக்கிலேயே இல்லை. இன்றைக்கு நண்பன் ஒருவன் தன் அத்தையின் படத்தைக் காட்டும்போது, “அத்த இவ்வளவு வெளுப்பா மச்சான்?” என்று கேட்பது நல்ல விமர்சனம். தொழில்நுட்பமும் அதுதான், மரியாதையும் அதுதான். செட்டிங்கில் போய் அணைக்க ஒரு நிமிஷம் போதும்.

தேயிலைப் பச்சையைப் பிளாஸ்டிக் பச்சை ஆக்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது தானாகவே சலித்துப் போகும்.

அழகில்லாத படங்களை நாம் ஒதுக்குகிற விதம்தான் எனக்கு உண்மையான கவலை. பெரட்டுக்களம், பீலி, பிள்ளைக் காம்பரா, லயத்து வாசலில் காயும் விறகு. ‘சாதா படம்டா’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். பழைய மஸ்கெலியா டவுன் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. வறட்சிக்குத் தண்ணீர் இறங்கிக் கோயில் தலைகாட்டினால் எல்லாரும் கெமராவோடு ஓடுகிறோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதற்குப் பிறகு எடுத்த படங்களை நாடே பார்த்தது. அதற்கு முதல் வாரம் அந்த லயத்து வாசலை யாராவது சும்மா எடுத்திருந்தால், ‘கொம்பசிசன் சரியில்ல’ என்று நாம் தள்ளியிருப்போம். சரிவில் இருக்கும் லயங்கள் இன்னும் இருக்கின்றன. போய் எடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, திகதியும் டிவிசனும் எழுதி வையுங்கள்.

எப்படிச் சொல்வது என்பது தனிக் கஷ்டம். நாமெல்லாம் ஒரே தோட்டம், ஒரே பள்ளிக்கூடம். படத்தைக் குறை சொன்னால் அவனைக் குறை சொன்ன மாதிரி. “ஒனக்கென்னா, நீ கொழும்புல படிச்சவன்” என்று ஒரு வார்த்தை வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. அதனால்தான் மொய் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெண்பிள்ளைகள் எடுத்த படத்துக்கு வருவது இன்னும் மோசம். அது விமர்சனமே இல்லை, விசாரணை. இவ்வளவு விடிய அங்க எப்பிடிப் போன? யாரோட போன? ஒரு தங்கச்சி காசல்ரீ பக்கம் எடுத்த அருமையான படம் ஒன்றை இப்படிப்பட்ட விசாரணைக்குப் பிறகு அழித்துவிட்டாள். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, தண்ணீர் ஏன் இவ்வளவு கறுப்பு, ஓரத்தில் நிற்கும் தோணிக்காரரை ஏன் பாதியில் வெட்டினாய் என்ற ரெண்டு கேள்வி.

நான் இப்போது பழகி வருகிற முறை, தீர்ப்பைச் சொல்லாமல் பார்த்ததைச் சொல்வது. ‘நல்லாயிருக்கு, நல்லாயில்ல’ ரெண்டையும் விட்டுவிட்டு, “எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த அக்காவோட செருப்பு” என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் முறைப்பதில்லை. “ஆமா, அந்தச் செருப்பு...” என்று கதை வரும். அந்தக் கதை படத்தில் இருக்கிறதா, இல்லையா, ஏன் இல்லை என்று பேச்சு போகும். ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் ஆகும். ஒரு சாயந்தரத்தில் நாலு படம் பேசினாலே அதிகம். முப்பது படத்துக்குக் கைதட்டுவதை விட அது மேல்.

அதை விட நல்ல விமர்சகர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் தலையில் தூக்கி வைத்த ஒரு படம், தளிர் இலைகளைப் பிடித்த கை, பின்னால் மங்கலாக மலை. அதை ஒரு பெரியம்மாவிடம் காட்டினோம். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது யாரு புள்ள? கையில இருக்குறது பூரா முத்துன எல. இதக் கொண்டுகிட்டு மடுவத்துக்குப் போனா கணக்கப்புள்ள தரையில கொட்டிருவாரு.” அடுத்த படம். “இடுப்புல படங்கு இல்லாம செடிக்குள்ள போனா சீல என்னாத்துக்கு ஆகும்?” எங்களில் ஒருவரும் கவனிக்காத விஷயம். பிறகு நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த ஒரு படத்தில் அவர் கை நின்றது. கானுக்குப் பக்கத்தில் நாலு பெண்கள் குந்தியிருக்கிறார்கள். சோடாப் போத்தலில் கொண்டு வந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் குடிக்கிறார்கள், ஒருத்தி காலில் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒரு முகமும் ஒழுங்காகத் தெரியவில்லை, வெளிச்சம் உச்சி வெயில். “இதுதான் நாங்க” என்றார். அந்த நாலு பேரையும் பேர் சொல்லி அடையாளம் காட்டினார், முதுகை வைத்தே.

உடனே பேரை எழுதி வைத்தோம். ஆனால் எழுதிய பிறகு ஒரு சிக்கல். அதே நாலு பேரில் ஒருவரின் வீட்டுக் கூரைப் படமும் எங்களிடம் இருக்கிறது. தகரம் ஓட்டையாகி, மேலே டயர் வைத்திருக்கும் படம். பேரோடு அதை வெளியே காட்டினால் நாளைக்குப் பெரட்டில் அவருக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? ‘படத்துல வந்தவங்களுக்கு லேசான மலை கெடைக்காது’ என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்புத்தான், ஆனால் சொன்னார். பேர் போடு என்று நான் மேலே இவ்வளவு எழுதியது அவரிடம் செல்லாது.

அதனால் இப்போதைக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. படத்தை எடுத்தவர் முதலில் அந்த ஆளிடம் காட்ட வேண்டும், அவருடைய ஃபோனுக்கும் ஒன்று அனுப்ப வேண்டும். பேர் போடலாமா என்று அவரையே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், ‘பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்’ என்று அப்படியே கீழே எழுத வேண்டும். கூரைப் படத்துக்குக் கீழே இப்போது அந்த வரிதான் இருக்கிறது. தேத்தண்ணிப் படத்துக்கு நாலு பேரில் மூன்று பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நாலாவது அக்கா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் கேட்க வேண்டும்.